ஏற்காட்டு பஸ்ல கண்ண மூடுனா தேன்கூடு தெரியுது, இது மூளை அலை விஷயமா இல்ல கண்ணு கோளாறா?

சில்வர்ஓக் சீட்டு
எல்லாருக்கும் வணக்கம். சேலம்தான் சொந்த ஊரு, ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்டுல கணக்கு எழுதுறேன், தினமும் பஸ்ல ஏறி எறங்குற ஆளு. போன வாரம் சாயங்கால பஸ்ல அதிசயமா ஜன்னல் சீட்டு கெடச்சுது. கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எஸ்டேட் ஓரமா சில்வர் ஓக் மரம் வரிசையா நிக்கும்ல, அந்த எடத்துல மரத்துக்கு நடுவால வெயிலு பளிச் பளிச்னு மூஞ்சில அடிச்சுது, கூசுதேன்னு கண்ண மூடுனேன். மூடுன ஒடனே பாத்தா செவப்பும் ஊதாவுமா கட்டம் கட்டமா, தேன்கூடு மாதிரி, அப்படியே சுத்துது! நடுவுல ஒரு சுரங்கம் மாதிரி உள்ள இழுக்குது. கண்ண தொறந்தா ஒண்ணுமில்ல, மூடுனா திரும்ப வருது. மரம் முடிஞ்சதும் அதுவும் முடிஞ்சிடுச்சு. குடிக்கல, காய்ச்சல் இல்ல, மதியம் சாப்டது தயிர் சாதம்.

வீட்ல சொன்னா அம்மா பயந்துட்டாங்க, வலிப்பு வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் மின்னும்னு யாரோ சொல்லிருக்காங்களாம். பெரியப்பா பையனுக்கு சின்ன வயசுல வலிப்பு வந்திருக்கு, அதான் அந்த பயம். ஃப்ரெண்டு ஒருத்தன் என்னடான்னா ஒரு வீடியோ அனுப்புறான், மூளை செல் எல்லாம் 40 ஹெர்ட்ஸ்ல, அதாவது வினாடிக்கு 40 தடவ, ஒரே தாளத்துல அடிச்சாதான் நாம எதையுமே பாக்குறோம், அந்த தாளத்த புடிச்சிட்டா மூணாவது கண்ணு தொறந்துடும்னு. 499 ரூபாய்க்கு ஆடியோ வேற விக்கிறாங்க. எனக்கு மூணாவது கண்ணெல்லாம் வேணாம், இருக்கற ரெண்டு நல்லா இருந்தா போதும். ஆனா மூளை தாளத்துக்கும் நாம பாக்குறதுக்கும் நெசமாவே சம்பந்தம் இருக்கா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெயிலான்
மோர் குடிங்க ப்ரோ சரியாயிடும்.

கம்பி ஒட்டுற அக்கா
தம்பி, நான் சேலத்துல ஈஈஜி, அதாவது தலைல கம்பி ஒட்டி மூளை அலைய பதிவு பண்ற டெஸ்ட், எடுக்கற டெக்னீசியன், பதினோரு வருசமா கம்பி ஒட்டிட்டு இருக்கேன். நீங்க பஸ்ல ஓசியா பாத்தத நாங்க ரூம்ல லைட்டு வெச்சு காட்டுவோம். படுக்க வெச்சு, மூஞ்சிக்கு முன்னாடி ஒரு லைட்டு, வினாடிக்கு இத்தன தடவைன்னு பளிச் பளிச்னு அடிக்கும், மெதுவா ஆரம்பிச்சு முப்பது வரைக்கும் கூட்டிட்டு போவோம். வர்றவங்கள்ள பாதி பேரு "அக்கா கோலம் மாதிரி தெரியுது", "சிலந்தி வலை மாதிரி இருக்கு"ன்னு சொல்வாங்க. ஒரு பாட்டி "தேர் சக்கரம் சுத்துதும்மா"ன்னாங்க. அதனால மொதல்ல பயத்த விடுங்க, கோலம் தெரியறது மட்டுமே நோயில்ல.

ஏன் தெரியுதுன்னா, தலைக்கு பின்னாடி, பிடரிக்கு மேல குண்டா ஒரு மேடு இருக்கும் தொட்டு பாருங்க, அதுக்கு உள்பக்கம்தான் பார்வைக்கான மூளை. சும்மா கண்ண மூடி அமைதியா இருந்தா அங்க வினாடிக்கு 8லருந்து 13 தடவைக்குள்ள ஒரு அலை ஆடும், ஆல்ஃபான்னு பேரு. கண்ண தொறங்கன்னு சொன்னா பட்டுனு அடங்கிடும், மூடுங்கன்னா திரும்ப வந்துடும். தினமும் பாக்குறேன், இன்னும் எனக்கு சலிக்கல. இப்ப அந்த நேரத்துல வெளியிலருந்து லைட்டும் கிட்டத்தட்ட அதே வேகத்துல அடிச்சா மூளை அலை அந்த லைட்டோட காலடிக்கு ஏத்த மாதிரி நடக்க ஆரம்பிச்சிடும். பேப்பர்ல அப்படியே தெரியும், லைட்டு பத்துன்னா அலையும் பத்து.

உங்க பஸ் கணக்க போட்டு பாருங்க. முப்பது கிலோமீட்டர் வேகம்னா வினாடிக்கு எட்டு மீட்டர் சொச்சம். மரம் மூணு நாலு மீட்டர் தள்ளி இருந்தாலும் எஸ்டேட்டுல ஒரே வரிசையா இருக்காது, பின்னாடி வரிசையும் இடுக்குல பூந்து வரும், நெழலு மீட்டருக்கு ஒண்ணுன்னு விழுந்தா எட்டு, இன்னும் நெருக்கமா விழுந்தா பத்து. கண்ண மூடுனா வெளிச்சம் நிக்காது, இமை வழியா செவப்பா பரவி கண்ணு முழுக்க அடிக்கும், அதனாலதான் தொறந்திருக்கறத விட மூடுனா ஜாஸ்தி.

இந்த ஆல்ஃபாவ மொதல்ல மனுசங்கிட்ட பதிவு பண்ணது ஜெர்மனில ஹான்ஸ் பெர்கர்னு ஒரு டாக்டர், 1924ல, வெளிய சொன்னது 1929ல. அவரு கதை உங்களுக்கு புடிக்கும். வாலிபத்துல பட்டாளத்துல இருந்தப்ப குதிரைலருந்து விழுந்து பீரங்கி வண்டி சக்கரத்துக்கு முன்னாடி போயிட்டாரு, நூலிழைல தப்பிச்சாரு. அன்னிக்கு ராத்திரியே அப்பாகிட்டருந்து தந்தி, ஊர்ல இருக்கற அக்கா அவனுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அழுதாங்களாம். மூளைலருந்து மூளைக்கு ஏதோ போகுதுன்னு அத தேடித்தான் இந்த வேலைக்கே வந்தாரு. அது கெடைக்கல, இது கெடச்சுது.

ஆனா ஒண்ணு. உங்க பெரியப்பா பையன் விசயம் வேற. வலிப்பு இருக்கறவங்கள்ள நூத்துக்கு மூணு பேருக்கு மாதிரி மின்னுற வெளிச்சமே தூண்டி விட்டுடும், வினாடிக்கு 15லருந்து 25 வரைக்கும் மோசமான எடம். 1997 டிசம்பர்ல ஜப்பான்ல டிவி கார்ட்டூன்ல செவப்பும் நீலமும் வினாடிக்கு 12 தடவை மாறி மாறி மின்னுனதுல 685 புள்ளைங்கள ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனாங்க. அதனால அந்த தம்பிக்கு மறுபடி எப்பயாவது வந்திருக்கா, கை கால் வெடுக்குனு தூக்கி போடுதா, இதெல்லாம் இருந்தா நரம்பு டாக்டர்கிட்ட காட்டி ஈஈஜி எடுத்துடுங்க. பஸ்ல இப்படி வெயில் மின்னுச்சுன்னா ரெண்டு கண்ணையும் மூடறது தப்பு, ஒரு கண்ண உள்ளங்கையால முழுசா பொத்திக்கணும். மூளைக்கு போற தீனி கம்மியாகும்னு வெச்சுக்கோங்க. அப்பறம் ஈஈஜிக்கு வந்தா தயவு செஞ்சு தலைக்கு குளிச்சிட்டு எண்ண வெக்காம வாங்க, சேலத்துல இத சொல்லி சொல்லியே என் தொண்ட போச்சு.

அந்த 40 ஹெர்ட்ஸ் பத்தி எனக்கு முழுசா தெரியாது, எங்க மெசின்ல அந்த பக்கம் பூரா கரண்டு இரைச்சல், 50 ஹெர்ட்ஸ வடிகட்டவே நேரம் சரியா இருக்கும்.

மாங்கா மூளை
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் சேலம் அஸ்தம்பட்டி பையன், இப்ப பெங்களூர்ல மூளை அறிவியல் படிக்கிறேன், 40 பத்தி நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல இந்த தாளம் கதை எங்க ஆரம்பிச்சுதுன்னா, மூளைல ஒரு பொருளோட கலர பாக்குற செல்லு வேற, அசைவ பாக்குற செல்லு வேற, ஓரத்த பாக்குற செல்லு வேற. ரோட்ல மஞ்ச ஆட்டோ ஒண்ணு போவுது, பச்ச சேல கட்டுன ஒரு அம்மா நடந்து வர்றாங்க, மஞ்சளும் ஓட்டமும் ஆட்டோவோடது, பச்சையும் நடையும் அந்த அம்மாவோடதுன்னு யாரு பிரிச்சு கட்டி வெக்கிறது? இதுக்கு ஒரு அழகான பதில 1981லயே வான் டெர் மால்ஸ்பர்க்னு ஒருத்தரு சொன்னாரு, ஒரே பொருளுக்கு சேந்த செல்லெல்லாம் ஒரே நேரத்துல அடிக்கும், அதுதான் அடையாளம்னு. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் திருவிழால நாலஞ்சு பம்பை மேள செட்டு ஒரே தெருவுல அடிச்சிட்டு வருவாங்க பாருங்க, கூட்டத்துல ஆளுங்க கலந்து நின்னாலும் காத வெச்சே இவரு அந்த செட்டு, அவரு இந்த செட்டுன்னு சொல்லிடலாம்ல. அதே கணக்கு.

1989ல ஃப்ராங்க்ஃபர்ட்டுல வுல்ஃப் சிங்கர், சார்லஸ் கிரே கூட்டம் பூனை மூளைல 7 மில்லிமீட்டர் தள்ளி தள்ளி ரெண்டு எடத்துல கம்பி வெச்சு பாத்தாங்க. திரைல நீளமா ஒரே கோடு ரெண்டு எடத்தையும் தாண்டி நகந்தா ரெண்டு பக்க செல்லும் வினாடிக்கு நாப்பது அம்பதுன்னு சேந்து அடிச்சுது. அதே கோட்ட நடுவுல வெட்டி ரெண்டு துண்டா ஒரே பக்கமா நகத்துனா தாளம் தளந்துடுச்சு, எதிர் எதிர் பக்கமா விட்டா சுத்தமா போயிடுச்சு. ஒரே பொருள்னா ஒரே தாளம்! உலகமே துள்ளுச்சு. அடுத்த வருசமே டிஎன்ஏ புகழ் க்ரிக்கும் கிறிஸ்டோஃப் காக்கும் சேந்து உணர்வுக்கே இந்த 40தான் காரணமா இருக்கலாம்னு எழுதுனாங்க. உங்க ஃப்ரெண்டு அனுப்புன வீடியோ இந்த எடத்துலயே நின்னுடுச்சு, அதுக்கப்பறம் முப்பது வருசத்துக்கு மேல நடந்த எதையும் பாக்கல.

மனுசங்கிட்ட என்ன ஆச்சுன்னா, 1999ல பாரிஸ்ல வரேலா கூட்டம் ஒரு வேல பண்ணாங்க. நம்ம ஊர் செவுத்துல தலைவர் மூஞ்சிய தகடு வெட்டி ஒரே கருப்புல அடிச்சிருப்பாங்கல்ல, நேரா பாத்தா மூஞ்சி, தலைகீழா திருப்புனா வெறும் கருப்பு திட்டு, அந்த மாதிரி படம். நேரா காட்டி மூஞ்சின்னு புரிஞ்ச நேரத்துல, கால் வினாடி வாக்குல, தலைல தூர தூரமா இருக்கற எடங்கள் காமா தாளத்துல, அதான் இந்த நாப்பது பக்கத்து வேகமான அலை, ஒண்ணு சேந்துச்சு. தலைகீழா காட்டுனப்ப அந்த அளவுக்கு இல்ல. சூப்பரா இருக்குல்ல?

இப்ப பாருங்க ட்விஸ்டு. 2008ல ஜெருசலேம்ல யுவல்-கிரீன்பெர்க், டியூவெல் கூட்டம் கண்ணு அசைவையும் சேத்து அளந்தாங்க. நாம ஒரு எடத்த உத்து பாத்துட்டு இருந்தாலும் கண்ணு நமக்கே தெரியாம குட்டி குட்டியா வெட்டும். புதுசா ஒரு படம் வந்தா அந்த வெட்டு கொஞ்சம் அடங்கி, 200லருந்து 300 மில்லி வினாடிக்குள்ள மொத்தமா திரும்ப வரும். அப்படி வெட்டும்போது கண்ணு தசை இழுக்குற கரண்டு ஈஈஜில காமா மாதிரியே விழுது. அதாவது தலைக்கு மேல கம்பி ஒட்டி, பாத்த பொருள் புரியற நேரத்துல மூளை 40ல துடிக்குதுன்னு பல பேரு எழுதுனதுல ஒரு பங்கு கண்ணோட தசை துடிச்சது! எத்தன பேரு பிஎச்டி அன்னிக்கு வயித்த கலக்குச்சோ. இதுக்காக எல்லாம் பொய்யின்னு சொல்லல, மூளைக்குள்ளயே கம்பி வெச்சு பாத்தா காமா நெசமாவே இருக்கு. ஆனா எல்லாத்துக்கும் வரல. கறுப்பு வெள்ள கோடு காட்டுனா மனுச மூளைல காமா பிச்சிகிட்டு வருது, சாதாரண போட்டோ பலதுக்கு கிட்டத்தட்ட வரவே இல்ல, ஆனா அந்த போட்டோவ ஆளுங்க நல்லா பாத்து இது வீடு இது மூஞ்சின்னு சொல்றாங்க. தாளம் இல்லாமலே பாக்க முடியுதுன்னா தாளம்தான் பார்வைன்னு எப்படி சொல்றது?

இன்னொரு அடி நம்ம நாட்டு ஆளு குடுத்தது. சுப்ரதிம் ரே, இப்ப ஐஐஎஸ்சில இருக்காரு. 2010ல மான்செல் கூட சேந்து குரங்குல பாத்ததுல, காட்டுற கோடு எவ்வளவு அழுத்தமா இருக்கோ அதுக்கு தகுந்த மாதிரி காமா வேகமே மாறுது. சேலம் மாம்பழம் ஒண்ண மேசைல வைங்க, வெளிச்சம் பட்ட பக்கம் அழுத்தமா தெரியும், நெழல் பக்கம் மங்கலா தெரியும், அப்ப ஒரே பழத்த பாக்குற செல்லுங்களே வேற வேற வேகத்துல அடிக்கும். ஒரே செட்டுல ஒருத்தன் வேகமா இன்னொருத்தன் மெதுவா அடிச்சா தாளம் எங்க சேரும்? எனக்கு தனிப்பட்ட முறைல பொருள கட்டி வெக்கறது காமாதான்ங்கற கதை அங்கயே முடிஞ்சுது. எங்க டிபார்ட்மெண்டுலயே இத ஒத்துக்காதவங்க இருக்காங்க, அது வேற.

அப்ப காமா எதுக்கு? ஒரு எடத்துல கவனம் வெச்சா அந்த எடத்துக்கான செல்லுங்க காமால கூடுதலா சேந்து அடிக்குதுன்னு 2001ல பாஸ்கல் ஃப்ரைஸ் குரங்குல காட்டுனாரு, அது இன்னிக்கும் நிக்குது. ரே குரூப் பெங்களூர்ல வயசானவங்களுக்கு கோடு காட்டி ஈஈஜி எடுத்ததுல வயசாக ஆக காமா கொறையுது, மறதி நோய் ஆரம்பிச்சவங்களுக்கு அதே வயசு ஆளுங்கள விட கொறச்சலா இருக்கு. அப்ப சர்க்யூட்டு நல்லா ஓடுதான்னு காட்டுற மீட்டர் மாதிரி வெச்சுக்கலாம். மீட்டர் முள்ள கையால தள்ளுனா வண்டி வேகமா ஓடிடுமா என்ன. 499 ரூபாய்க்கு அந்த தள்ளுறதத்தான் விக்கிறாங்க. எலிக்கு 40ல லைட்டு அடிச்சா மறதி நோய் அழுக்கு கொறையுதுன்னு 2016ல அமெரிக்கா எம்ஐடில சொன்னது உண்மை, 2023ல நியூயார்க்ல வேற கூட்டம் செஞ்சு பாத்தப்ப அது கெடைக்கலங்கறதும் உண்மை, மனுசங்கள வெச்சு சோதனை இன்னும் ஓடிட்டு இருக்கு.

அம்மாபேட்டை தறி
எல்லாத்தையும் படிச்சேங்க, பாதி புரிஞ்சுது. ஆனா கோடுன்னு சொன்னீங்களே அதுல ஒரு சந்தேகம். நாங்க அம்மாபேட்டைல விசைத்தறி ஓட்டறோம், துண்டு, லுங்கி. கோடு போட்ட துண்டு ஓடும்போது, அதுவும் கறுப்பு வெள்ள சன்ன கோடு, அரை மணி நேரம் பாத்துட்டே நின்னா கோடு அலையடிக்குது, நடுவுல இல்லாத கலரெல்லாம் தெரியுது, எங்க அண்ணனுக்கு ஒத்த தலவலியே வந்துடும். அதே பெரிய கட்டம் லுங்கி ஓட்டுனா ஒண்ணும் இல்ல. நாங்க இத்தன நாளா பாவு, அதான் நெடுக்கா ஓடற நூலு, நெருக்கம்னு நெனச்சிட்டு இருந்தோம். இதுவும் அந்த காமாதானுங்களா?

மாங்கா மூளை
அண்ணே நீங்க சொன்னது செம பாயிண்டு, நான் படிச்சத நீங்க நின்னு பாத்திருக்கீங்க. மனுசனுக்கு எந்த அகல கோடு ரொம்ப உறுத்தும்னு அளந்து வெச்சிருக்காங்க, கைய நேரா நீட்டி சுண்டுவிரல் அகலத்துக்குள்ள மூணு ஜோடி கறுப்பு வெள்ள கோடு வந்தா அதான் மோசமான எடம். அதுக்கு ரொம்ப பெருசா போனாலும் சரி ரொம்ப பொடிசா போனாலும் சரி உறுத்தல் கொறஞ்சிடும். ஒத்த தலவலி இருக்கறவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. காமாவ அதிகமா கெளப்பற படங்களும் வெளிச்ச வலிப்பு இருக்கறவங்களுக்கு ஆவாத படங்களும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு 2017ல சுட்டி காட்டிருக்காங்க. கோடு காட்டும்போது பக்கத்து பக்கத்து செல்லு எல்லாம் ஒரே திசைக்கு சேந்து தூண்டப்படுது, சாதாரண காட்சில அப்படி மொத்தமா நடக்காது. அண்ணன கொஞ்சம் தள்ளி நின்னோ கிட்ட நின்னோ பாக்க சொல்லுங்க, தூரம் மாறுனா கோட்டோட அகலம் கண்ணுக்கு மாறிடும்ல.

தேன்கூடு ஏன் தேன்கூடாவே தெரியுதுன்னும் சொல்லிடறேன், இதான் எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. 1920கள்லயே க்ளூவர்னு ஒருத்தரு இந்த மாதிரி காட்சிங்கள சேத்து பாத்து, யாரு பாத்தாலும் நாலு ஜாதிதான்னாரு: தேன்கூடு கட்டம், சிலந்தி வலை, சுரங்கம், சுருள். கண்ணுல விழற படம் மூளைல அப்படியே ஒட்டறதில்ல. பார்வையோட நடு பகுதி மூளைல பெருசா விரிஞ்சு, ஓரம் சுருங்கி, வட்டமெல்லாம் நேர்கோடா மாறி ஒட்டுது. அதனால மூளைல தானா நேர் நேரா ஒரு வரிசை எழும்புனா நமக்கு அது வளையமா, சுரங்கமா, சுருளா தெரியும், ரெண்டு வரிசை குறுக்க வெட்டுனா வலை. 1979ல எர்மென்ட்ராட், கோவன் ரெண்டு பேரும் கணக்கு போட்டே இத காட்டுனாங்க. அதாவது சில்வர்ஓக் ப்ரோ, நீங்க பஸ்ல பாத்தது உங்க மூளையோட பாவு நூல். வெளிய அப்படி ஒண்ணு இல்ல. 1958ல ப்ரையன் கைசின்னு ஒரு ஓவியர் ஃப்ரான்ஸ்ல மரம் வரிசையா நிக்கற ரோட்ல பஸ்ல போகும்போது உங்கள மாதிரியே கண்ண மூடி இதையே பாத்துட்டு, அப்பறம் ஓட்ட போட்ட டப்பாவ சுத்த விட்டு உள்ள பல்பு வெச்சு மெசினே பண்ணிட்டாங்க. நீங்க கணக்கு எழுத போயிட்டீங்க.

அம்மாபேட்டை தறி
நன்றிங்க தம்பி. பாவு நூல்னு சொன்னதுல புரிஞ்சிடுச்சு. இன்னொண்ணு. ட்யூப் லைட்டுக்கு கீழ தறி சக்கரம் ஓடும்போது நின்ன மாதிரி தெரியும், சமயத்துல பின்னாடி சுத்தும். அது கரண்டு வினாடிக்கு நூறு தடவ ஏறி எறங்கறதால, எங்களுக்கு தெரியும், பெரிய மில்லுல அதுக்குத்தான் லைட்ட மூணு பேஸுக்கும் பிரிச்சு போடுவாங்க, இல்லன்னா ஓடற சக்கரத்துல நின்னுட்டு இருக்குன்னு கைய வுட்டுடுவான். ஆனா திண்ணைல பகல் வெளிச்சத்துலயும் ஃபேன பாத்துட்டே படுத்திருந்தா பின்னாடி சுத்துதே, வெயிலுக்கு என்ன பேஸு இருக்கு? அப்ப கண்ணே சினிமா கேமரா மாதிரி விட்டு விட்டு புடிக்குதா?

கம்பி ஒட்டுற அக்கா
எனக்கும் அப்படித்தான் தோணும். ஆல்ஃபா பத்து தடவைன்னா வினாடிக்கு பத்து படம் புடிக்குதுன்னு ஒரு டாக்டர் சொல்லிக்கூட கேட்டிருக்கேன்.

மாங்கா மூளை
அக்கா இதுல மட்டும் உங்க கூட சண்ட. வெயில்ல சக்கரம் பின்னாடி சுத்தறது உண்மைதான், 1996லருந்து ஆராய்ச்சில இருக்கு, அப்படி பின்னாடி சுத்தற நேரத்துல 13 ஹெர்ட்ஸ் பக்கம் மூளை அலை மாறுதுன்னும் பாத்திருக்காங்க. கேமரா மாதிரின்னு சொல்றவங்களுக்கு இது அல்வா. ஆனா 2004ல ஒரு எளிமையான சோதனை, ஒரே மாதிரி சுத்தற ரெண்டு உருளைய பக்கத்து பக்கத்துல காட்டுனாங்க. கண்ணு முழுக்க ஒரே கேமரான்னா ரெண்டும் ஒண்ணாத்தான பின்னாடி சுத்தணும்? சுத்தல. இது பின்னாடி போறப்ப அது முன்னாடி போகுது. அண்ணன் திண்ணைல ரெண்டு ஃபேன் இருந்தா நீங்களே பாத்துடலாம். அதனால முழு காட்சிக்கும் ஒரே ஷட்டர் இல்ல, முன்னாடி சுத்துதுன்னு சொல்ற செல்லும் பின்னாடின்னு சொல்ற செல்லும் போட்டி போட்டு அப்பப்ப இது ஜெயிக்குதுன்னு ஒரு விளக்கம், எனக்கு அதான் சரின்னு படுது.

ஆனா ஆல்ஃபாவ மொத்தமா தள்ளவும் முடியாது. ரொம்ப மங்கலான ஒரு மின்னல காட்டுனா, சில சமயம் தெரியும் சில சமயம் தெரியாது, வெளிச்சம் அதேதான். அப்போ மெதுவான அலை மேட்டுல இருந்துச்சா பள்ளத்துல இருந்துச்சாங்கறத பொறுத்து தெரியறது மாறுதுன்னு 2009ல ரெண்டு கூட்டம் தனித்தனியா சொன்னாங்க. அப்பறம் செஞ்ச எல்லாருக்கும் அதே மாதிரி வரல, அதையும் சொல்லிடணும். இன்னொண்ணு வீட்லயே பாக்கலாம், ஒரு மின்னலோட ரெண்டு பீப் சத்தம் கிட்ட கிட்ட குடுத்தா ரெண்டு மின்னலா தெரியும், 2000ல கண்டுபுடிச்சது. ஆல்ஃபா மெதுவா ஓடற ஆளுங்களுக்கு சத்தம் கொஞ்சம் தள்ளி வந்தாலும் ஏமாறுவாங்க, வேகமா ஓடறவங்க அவ்வளவு சுலபமா ஏமாற மாட்டாங்க, லேசா கரண்டு குடுத்து அலையோட வேகத்த மாத்துனா ஏமாறுற நேரமும் கூட மாறுதுன்னு 2015ல வந்துச்சு. அதனால படம் புடிக்கற கேமரான்னு சொல்ல வேணாம் அக்கா, கதவ லேசா தொறந்து தொறந்து சாத்தற வாட்ச்மேன்னு வேணா சொல்லலாம். சாத்துனாலும் பலமா தள்ளுனா உள்ள வந்துடலாம், அதான் பகல்ல நமக்கு எதுவும் வித்தியாசமே தெரியல.

கம்பி ஒட்டுற அக்கா
சரி தம்பி ஒத்துக்கறேன், அந்த டாக்டர்கிட்டயும் சொல்றேன், அவரு ஒத்துக்க மாட்டாரு.

சில்வர்ஓக் சீட்டு
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. நேத்து அதே பஸ், அதே பக்கம் சீட்டு. அக்கா சொன்னத செஞ்சு பாக்க மொதல்ல ரெண்டு கண்ணையும் மூடுனேன், தேன்கூடு வந்துச்சு. அப்பறம் ஒரு கண்ண உள்ளங்கைல பொத்துனேன், மங்கி போய் கட்டமெல்லாம் கலஞ்சிடுச்சு. கை எடுத்தா திரும்ப வந்துச்சு. டிரைவர் ஒரு எடத்துல மாட்டுக்காக ஸ்லோ பண்ணாரு, மினுக்கு மெதுவாச்சு, கட்டம் போயி வெறும் செவப்பு இருட்டுதான் இருந்துச்சு, திரும்ப வேகம் எடுத்ததும் கட்டம். அக்கா போட்ட கணக்கு கண்ணு முன்னாடியே நடந்த மாதிரி இருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பெரியவரு நான் கைய பொத்தி எடுத்து பொத்தி எடுத்து பண்றத பாத்துட்டு தம்பிக்கு தலசுத்தலான்னு புளிப்பு முட்டாய் குடுத்தாரு.

அம்மாவுக்கு அக்கா எழுதுனத படிச்சு காட்டிட்டேன், என் பயம் போயிடுச்சு, ஆனா பெரியப்பா பையன்கிட்ட விசாரிச்சதுல காலைல பல்லு வெளக்கும்போது கை அப்பப்ப வெடுக்குனு போகுதாம், ப்ரஷ் கீழ விழுந்துடுதாம், யாருகிட்டயும் சொன்னதில்லையாம். அக்கா இது காட்டணும்ல?

கம்பி ஒட்டுற அக்கா
கண்டிப்பா காட்டணும் தம்பி, தள்ளி போடாதீங்க, இந்த வாரமே நரம்பு டாக்டர பாருங்க. காலைல கை வெடுக்குனு போறத அவருகிட்ட மறக்காம சொல்லுங்க, அதான் முக்கியம், முடிஞ்சா ஃபோன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க. அதுவரைக்கும் அந்த தம்பிய வண்டி ஓட்ட விடாதீங்க, ராத்திரி முழிக்க விடாதீங்க. ஈஈஜிக்கு எழுதி குடுத்தா தலைக்கு குளிச்சிட்டு வர சொல்லுங்க, எண்ண வேணாம்.

வெயிலான்
நான் சொன்ன மோர வாபஸ் வாங்கிக்கறேன்.